தைப்பிங் வீட்டிலிருந்து உட்லண்ட்ஸ் தொலைக்காட்சிக்கு

(தொலைக்காட்சிக் கருத்தரங்கு ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நம் வீட்டில் சேர்த்து வைத்திருக்கும் படங்களை வெளியூரில் இருக்கும் தொலைக்காட்சியில் பார்ப்பது எப்படி என்பதைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கின்றார்கள். எனக்கு முன்னால் பேசிய நண்பர், மாதச் சந்தா கட்டினால் ஆயிரக்கணக்கான படங்கள் வீடு தேடி வருகின்றனவே, இந்தக் காலத்தில் வீட்டில் ஒரு கணினியை ஓடவிட்டு அதனோடு மல்லுக்கட்டுவது எதற்கு என்று கேட்டார். நியாயமான கேள்விதான். திரைப்படம் மட்டும் வேண்டும் என்றால் அவர் சொல்வதே போதும். ஆனால் எந்தச் சந்தா நிறுவனத்திடமும் இல்லாத படங்கள் நம்மில் பலர் வீட்டு அலமாரியில் இருக்கின்றன. நான் பேசப் போவது அவற்றைப் பற்றி.

என் தகப்பனார் தோட்டத்தில் வேலை செய்தவர். 1980களின் பிற்பாதியில் ஒரு வீடியோ கேமராவைத் தவணையில் வாங்கினார். அந்தக் காலத்தில் அது எங்கள் வீட்டுச் சக்திக்கு மீறிய செலவு; அம்மா இரண்டு மாதம் அவரோடு சரியாகப் பேசவில்லை என்று அக்கா சொல்வார். தோட்டத்துக் கல்யாணம், காதுகுத்து, மாரியம்மன் கோயில் தீமிதி, தமிழ்ப்பள்ளிப் பரிசளிப்பு, கடைசியில் தோட்டம் துண்டாடப்பட்டு எல்லாரும் லயத்தைக் காலி செய்து லாரியில் சாமான் ஏற்றிய நாள், இப்படி எதையும் விடாமல் எடுத்து வைத்தார். மொத்தம் 60 கேசட்டுகள். அந்தத் தோட்டம் இன்று இல்லை. லயம் இருந்த இடத்தில் ஒரு தாமான் வந்துவிட்டது. கோயிலை மட்டும் வேறோர் இடத்திற்கு மாற்றிக் கட்டியிருக்கின்றார்கள்.

அப்பா காலமான பிறகு அம்மா சிங்கப்பூரில், உட்லண்ட்ஸில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போய்விட்டார். நான் தைப்பிங்கில். கேசட்டுகளும் என்னிடம். இரண்டு வீட்டுக்கும் இடையில் ஏறத்தாழ 600 கிலோமீட்டர். அம்மாவுக்கு வயது 82, முட்டிவலி வேறு. பேருந்திலோ காரிலோ அவ்வளவு நேரம் உட்கார்ந்து வர அவரால் முடியாது. ஒருநாள் தொலைபேசியில் கேட்டார்: "தம்பி, அப்பா எடுத்த படத்தை எல்லாம் இங்க இருந்தே பாக்க முடியாதா?" முடியும் அம்மா என்று சொல்லிவிட்டேன். சொல்வது சுலபம்.

கேசட்டும் பூஞ்சணமும்

முதலில் கேசட்டைக் காப்பாற்ற வேண்டும். வீடியோ கேசட்டில் இருப்பது காந்தத் தூள் பூசிய பிளாஸ்டிக் நாடா. ஆண்டுகள் ஆக ஆக அந்தப் பூச்சு தளர்ந்து போகும். நம் நாட்டு ஈரக்காற்றில், அதுவும் தைப்பிங் மழையைப் பற்றி நான் சொல்லவே வேண்டியதில்லை, நாடாவின் ஓரத்தில் வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சணம் பிடித்துவிடும். அப்படிப் பூத்திருக்கும் கேசட்டை ஆசை ஆசையாக எடுத்து வி.சி.ஆரில் போட்டுவிடாதீர்கள். பூஞ்சணம் உள்ளே ஒட்டிக் கொண்டு, அடுத்துப் போடுகின்ற நல்ல கேசட்டுக்கும் பரவும். வி.சி.ஆர். பழுதானால் புதிதாக வாங்கவும் வழியில்லை. கடைசிவரை அதைத் தயாரித்துக் கொண்டிருந்த ஜப்பானின் ஃபூனாய் நிறுவனம் 2016 ஜூலையோடு நிறுத்திவிட்டது. ஆகவே கேசட் வைத்திருப்பவர்கள் தீபாவளி முடியட்டும், பொங்கல் முடியட்டும் என்று தள்ளிப் போட வேண்டாம்.

எங்களுடைய கேசட்டுகளில் பாதியை 2000களின் தொடக்கத்திலேயே ஒரு கடையில் கொடுத்து டிவிடியாக மாற்றி வைத்திருந்தோம். மீதியை நானே மாற்றினேன். மூன்று மணி நேரக் கேசட்டை மாற்ற மூன்று மணி நேரம் ஆகும். அதில் குறுக்குவழி கிடையாது. ஒன்றரை மாதம் மாலை வேளை எல்லாம் அதிலேயே போனது.

எல்லாம் ஒரு வன்தட்டில் ஏறிய பிறகு, அதை ஒரு கணினியில் இணைத்து, மீடியா சர்வர் என்கின்ற மென்பொருளைப் போட்டேன். ஊடக வழங்கி என்று நம்மவர்கள் தமிழில் சொல்கின்றார்கள். பெயரைக் கேட்டுப் பெரிய இயந்திரம் என்று நினைக்க வேண்டாம். என்னுடையது சாப்பாட்டு டப்பா அளவுள்ள ஒரு பழைய கணினி. ஏறக்குறைய 10 வாட் மின்சாரம் எடுக்கிறது; இரவும் பகலும் ஓடினாலும் மாதத்திற்கு 7 யூனிட் சொச்சம்தான். இதற்கான மென்பொருள்களில் பலரும் அறிந்தவை மூன்று. எக்ஸ்பாக்ஸ் விளையாட்டுக் கருவிக்காக ஆர்வலர்கள் எழுதிய எக்ஸ்.பி.எம்.சி. என்ற மென்பொருளிலிருந்து 2008இல் பிரிந்து வளர்ந்தது பிளெக்ஸ். எம்பி என்று இன்னொன்று. எம்பி தன் மூலநிரலை மூடிக் கொண்டபோது 2018 டிசம்பரில் அதிலிருந்து கிளைத்தது ஜெல்லிஃபின். இந்த மூன்றாவது, முழுக்க இலவசம். நிரலும் திறந்தே கிடக்கிறது. நான் வைத்திருப்பது அதைத்தான்.

மூன்றும் செய்கின்ற வேலை ஏறக்குறைய ஒன்றே. வன்தட்டில் என்னென்ன இருக்கின்றன என்று பட்டியல் போட்டு வைத்துக் கொள்ளும். தொலைக்காட்சியில் செருகியிருக்கும் குச்சியோ பெட்டியோ "இந்தப் படத்தைக் கொடு" என்று கேட்டால் எடுத்து அனுப்பும். தொலைக்காட்சிக்குப் புரியாத வடிவில் படம் இருந்தால், புரியும் வடிவுக்கு அந்த நேரத்திலேயே மாற்றிக் கொடுக்கும். இந்தக் கடைசி வேலையை நினைவில் வைத்துக் கொள்ளுங்கள். என்னைப் பாடாய்ப் படுத்தியது அதுதான்.

இடையில் ஒரு சிறு செய்தி. உங்களிடம் சொந்தமாக வாங்கிய தமிழ்ப்பட டிவிடிகள் இருந்து, அவற்றையும் இதில் சேர்க்கின்றீர்கள் என்றால், கோப்பின் பெயரில் ஆண்டையும் எழுதுங்கள். பில்லா என்று மட்டும் எழுதினால் 1980இல் ரஜினிகாந்த் நடித்ததா, 2007இல் நம் மலேசியாவில் படமாக்கிய அஜித் படமா என்று மென்பொருளுக்குத் தெரியாது. தில்லு முல்லுவுக்கும் இதே கதி. 1981இல் ஒன்று, 2013இல் ஒன்று. ஒன்றுக்குப் பதில் இன்னொன்றின் சுவரொட்டியை மாட்டி வைத்துவிடும்.

"டேப்பு சிக்கிக்கிச்சா?"

வீட்டிலேயே என் தொலைக்காட்சியில் போட்டுப் பார்த்தேன். அருமையாக ஓடியது. அக்கா மகனிடம் சொல்லி உட்லண்ட்ஸ் வீட்டுத் தொலைக்காட்சியில் ஒரு குச்சியைச் செருகி, செயலியை ஏற்றி, அம்மாவை உட்கார வைத்தோம். 1991ஆம் ஆண்டுத் தீமிதி. பத்து விநாடி ஓடுகிறது, நிற்கிறது. வட்டம் சுற்றுகிறது. மறுபடி பத்து விநாடி. அம்மா தொலைபேசியில் கேட்கின்றார்: "ஏன் தம்பி, படம் நின்னு நின்னு போவுது? டேப்பு சிக்கிக்கிச்சா?"

நான் உடனே இணைய வேகத்தைத்தான் சந்தேகப்பட்டேன். பொதுவாக எல்லாரும் அப்படித்தான். இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். இணையத் திட்டம் வாங்கும்போது விளம்பரத்தில் பெரிய எழுத்தில் போடுவது பதிவிறக்க வேகம். அதாவது வெளியிலிருந்து உங்கள் வீட்டுக்கு வருகின்ற வேகம். ஆனால் உங்கள் வீட்டு வழங்கி படத்தை வெளியே அனுப்ப வேண்டும். அதற்குப் பதிவேற்ற வேகம் தேவை. பல திட்டங்களில் இது அதைவிட மிகவும் குறைவு. செம்புக் கம்பி வழியே வந்த ஏ.டி.எஸ்.எல். காலத்தில் அந்தப் பெயரிலேயே இந்த ஏற்றத்தாழ்வு இருந்தது. முதல் எழுத்துக்குப் பொருளே சமச்சீரற்றது என்பதுதான். 2010இல் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் ஒளியிழைச் சேவை வீடுகளுக்கு வந்த பிறகுதான் வீட்டிலிருந்து படம் அனுப்புவது நடைமுறைக்கு ஒத்துவரும் காரியமாயிற்று. அங்கே அக்கா வீட்டில் வேகம் எவ்வளவு இருந்தாலும், இங்கே என் வீட்டு வாசல் எவ்வளவு அகலமோ அவ்வளவுதான் போகும்.

எனவே கூடுதல் வேகத் திட்டத்திற்கு மாறினேன். மாதாமாதம் கூடுதல் பணம். ஆள் வந்து பெட்டியை மாற்றிப் போட்டார். அன்றிரவு மறுபடி தீமிதி. பத்து விநாடி ஓடுகிறது, நிற்கிறது.

பணத்தைக் கட்டுவதற்கு முன்னால் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்திருக்க வேண்டும். டிவிடி தரத்துப் படம் விநாடிக்குச் சுமார் 5 மெகாபிட்தான் எடுக்கும். என் பழைய திட்டத்திலேயே பதிவேற்றம் அதைவிடப் பல மடங்கு இருந்தது. மெகாபிட் வேறு, மெகாபைட் வேறு. எட்டு மெகாபிட் சேர்ந்தால் ஒரு மெகாபைட். இந்தக் குழப்பத்தில் பணம் இழந்தவர்கள் பலர். அவர்களில் நானும் ஒருவன்.

உண்மையான காரணத்தை வழங்கியின் கண்காணிப்புப் பக்கம் காட்டியது. படம் ஓடுகின்ற நேரத்தில் கணினியின் மூளை நூற்றுக்கு நூறு வேலை செய்து மூச்சுத் திணறிக் கொண்டிருந்தது. டிவிடியில் இருப்பது எம்பெக்-2 என்னும் பழைய வடிவம். அக்கா வீட்டில் செருகிய குச்சிக்கு அது புரியாது. அதனால் என் சாப்பாட்டு டப்பா, படத்தின் ஒவ்வொரு சட்டத்தையும் பிரித்து வேறு வடிவில் மறுபடி எழுதி அனுப்பிக் கொண்டிருந்தது. அதனால் ஈடு கொடுக்க முடியவில்லை. என் வீட்டில் நன்றாக ஓடியதற்குக் காரணம், நான் பார்த்த தொலைக்காட்சிப் பெட்டிக்குப் பழைய வடிவமும் தெரிந்திருந்தது. அவ்வளவுதான்.

இதற்குத் தீர்வு வேகமும் இல்லை, விலையுயர்ந்த கணினியும் இல்லை. ஒரே ஒரு முறை, முன்கூட்டியே, எல்லாப் பெட்டிக்கும் புரிகின்ற எச்.264 வடிவுக்கு மாற்றி வைத்துவிட வேண்டும். 2003இல் வந்த வடிவம் அது. இன்று அதைப் புரிந்து கொள்ளாத தொலைக்காட்சிக் கருவி அரிது. ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் இதைச் செய்யலாம். மாற்றும்போது இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பழைய வீடியோவில் விநாடிக்கு 25 படம். ஒவ்வொரு படமும் ஒற்றைக் கோடுகள், இரட்டைக் கோடுகள் என்று இரண்டு பாதியாகப் பதிவாகியிருக்கும். அதை அப்படியே புதிய தொலைக்காட்சியில் போட்டால், தேர் அசையும்போது அதன் ஓரமெல்லாம் சீப்புப் பல்லாகத் தெரியும். இரண்டு பாதியையும் சேர்த்து ஒட்டும் வசதி அந்த மென்பொருளிலேயே உண்டு. ஆனால் பழைய கோப்பை அழித்துவிடாதீர்கள். அதுதான் மூலம். அது ஒரு பக்கம் இருக்கட்டும்.

மாற்றிய பிறகு விநாடிக்கு 3 மெகாபிட் போதுமானதாக இருந்தது. மூன்று மணி நேரக் கேசட் ஒன்றுக்கு 4 கிகாபைட். 60 கேசட்டுக்கும் சேர்த்து 240 கிகாபைட். என் அப்பா பதினைந்து வருடம் தோளில் சுமந்து எடுத்தது அத்தனையும் ஒரு சட்டைப் பைக்குள் அடங்கிவிட்டது.

கதவும் சாவியும்

அடுத்த பிரச்சினை, அம்மா வீட்டுத் தொலைக்காட்சி என் வீட்டு வழங்கியை எப்படிக் கண்டுபிடிக்கும் என்பது. வீட்டு ரவுட்டர் வாசலில் நிற்கும் காவலாளி மாதிரி. உள்ளேயிருந்து போகிறவர்களை விடும். வெளியிலிருந்து புதிதாக வருகிறவர்களை விடாது. முன்பெல்லாம் ரவுட்டரில் ஒரு வாயிலைத் திறந்து வைத்து, அந்த வழியாக வருவதை வழங்கிக்கு அனுப்பு என்று சொல்லிவிடுவார்கள். இன்று பல வீடுகளில் அதுவும் பலிக்காது. இணைய முகவரிகள் தீர்ந்து போனதுதான் காரணம். ஆசிய பசிபிக் வட்டாரத்தின் கையிருப்பு 2011 ஏப்ரலிலேயே கடைசிக் கட்டத்துக்கு வந்துவிட்டது. அதனால் சேவை நிறுவனங்கள் பல வீடுகளுக்கு ஒரே பொது முகவரியைப் பகிர்ந்து கொடுக்கின்றன. அடுக்குமாடி முழுவதற்கும் ஒரே தபால் பெட்டி வைத்த மாதிரி. உங்கள் ரவுட்டரின் வெளிமுகவரி 100.64 முதல் 100.127 வரையிலான எண்களில் தொடங்கினால், நீங்கள் அந்த அடுக்குமாடியில் இருக்கின்றீர்கள் என்று பொருள். என் வீடு அப்படித்தான்.

வாயிலைத் திறந்து வைப்பதிலும் ஆபத்து உண்டு. 2022இல் லாஸ்ட்பாஸ் என்ற கடவுச்சொல் காப்பு நிறுவனத்தில் பெரிய திருட்டு நடந்தது. வாடிக்கையாளர்களின் கடவுச்சொல் பெட்டகங்களின் நகல்களே களவு போயின. திருடர்கள் நுழைந்த வழி எது தெரியுமா? அந்நிறுவனத்தின் மூத்த பொறியாளர் ஒருவரின் வீட்டுக் கணினியில் இருந்த ஊடக வழங்கி. அதாவது வீட்டில் படம் பார்க்க வைத்திருந்த மென்பொருள். அதிலிருந்த ஓட்டையை 2020 மே மாதமே நிறுவனம் அடைத்துவிட்டது; அந்தப் பொறியாளர் புதுப்பிக்காமலே வைத்திருந்தார். பொறியாளருக்கே அந்த நிலை என்றால் நம்மைப் போன்றவர்கள் எவ்வளவு எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள்.

நான் செய்தது வேறு. வெளியிலிருந்து உள்ளே வர வழியில்லை என்றால், உள்ளேயிருந்து வெளியே கயிறு வீசலாம் அல்லவா? அக்கா வீட்டு ரவுட்டருக்குப் பொது முகவரி இருந்தது. அதில் வயர்கார்ட் என்னும் மறைகுறியீட்டுச் சுரங்கப் பாதையை அமைத்தோம். 2020 மார்ச்சில் லினக்ஸின் கருவிலேயே சேர்த்துக் கொள்ளப்பட்ட நம்பகமான மென்பொருள் அது. தைப்பிங் கணினி தானாகவே உட்லண்ட்ஸ் ரவுட்டரைக் கூப்பிட்டு இணைப்பைப் பிடித்துக் கொள்கிறது; 25 விநாடிக்கு ஒரு முறை "நான் இருக்கிறேன்" என்று ஒரு சின்னக் குரல் கொடுக்கிறது. சாவி இல்லாத அந்நியர் யாராவது அந்த வாயிலைத் தட்டினால் அது பதிலே சொல்லாது. அங்கே ஒரு வாயில் இருப்பதே அவருக்குத் தெரியாது. ரவுட்டரிலேயே அமைத்துவிட்டதால் அம்மாவின் தொலைக்காட்சியில் எதுவும் செய்ய வேண்டியதில்லை. அதைப் பொறுத்தவரை என் கணினி பக்கத்து அறையில் இருக்கிறது.

இதிலும் ஒரு நாள் வீணாயிற்று. இரண்டு வீட்டு ரவுட்டரும் கடையில் வாங்கியபடியே 192.168.1 என்ற ஒரே எண் வரிசையில் இருந்தன. தெரு பெயரும் ஒன்று, வீட்டு எண்ணும் ஒன்று என்றால் தபால்காரர் என்ன செய்வார்? தைப்பிங் வீட்டு எண்களை மாற்றியதும் சரியாகிவிட்டது. இது எந்தக் கையேட்டிலும் கண்ணில் படுகிற இடத்தில் எழுதப்பட்டிருக்காது. ஆகவே சொல்லி வைக்கின்றேன்.

நடுவில் நிற்பவர்

இவ்வளவு சிரமம் எதற்கு, வழங்கி நிறுவனமே நடுவில் நின்று இணைத்துக் கொடுக்கின்றதே என்று நீங்கள் கேட்கலாம். உண்மை. கணக்குத் திறந்து உள்நுழைந்தால் போதும், அவர்களே இரு பக்கத்தையும் சேர்த்து வைக்கின்றார்கள். வசதிதான். ஆனால் நடுவில் நிற்பவர் எவ்வளவு காலம் நிற்பார், என்ன விலைக்கு நிற்பார் என்பது நம் கையில் இல்லை.

அமெரிக்காவில் கிரிக்கோரியன் சகோதரர்கள் என்று இருவர். சான் பிரான்சிஸ்கோ ஜயண்ட்ஸ் பேஸ்பால் ஆட்டங்களை வெளியூர் போனபோது பார்க்க முடியவில்லையே என்ற ஆதங்கத்தில், வீட்டுத் தொலைக்காட்சியை இணையம் வழியே எங்கிருந்தும் பார்க்கும் கருவி ஒன்றைச் செய்தார்கள். 2005இல் ஸ்லிங்பாக்ஸ் என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. நாம் இன்று பேசிக் கொண்டிருக்கும் காரியத்துக்கு முன்னோடி என்றே சொல்லலாம். வாங்கியவர்கள் முழு விலை கொடுத்து வாங்கினார்கள். ஆனால் அந்தப் பெட்டி வேலை செய்ய நிறுவனத்தின் வழங்கியும் வேண்டியிருந்தது. 2022 நவம்பர் 9ஆம் நாள் அந்த வழங்கிகளை அணைத்தார்கள். நல்ல நிலையில் இருந்த பெட்டிகள் அன்றோடு செங்கல் ஆயின.

கூகுள் ஃபோட்டோஸ் வரம்பில்லாமல் இலவசமாகப் படம் சேர்த்துக் கொடுத்தது. 2021 ஜூன் 1 முதல் அந்தச் சலுகை நின்றது. பிளெக்ஸில் வீட்டுக்கு வெளியிலிருந்து சொந்தப் படங்களைப் பார்ப்பது நெடுங்காலம் கட்டணமின்றி இருந்தது. 2025 ஏப்ரல் 29 முதல், வழங்கியின் உரிமையாளரோ பார்ப்பவரோ சந்தா கட்ட வேண்டும் என்று ஆயிற்று. வீட்டுக்குள்ளேயே பார்ப்பதற்குக் கட்டணம் இல்லை. இதை நான் குற்றமாகச் சொல்லவில்லை. நிறுவனம் நடத்துகிறவர்களுக்கும் மின்கட்டணம் இருக்கிறது, சம்பளம் கொடுக்க வேண்டியிருக்கிறது. கணினியைத் தொடவே பயப்படுகிறவர்கள் அந்தச் சந்தாவைக் கட்டுவதே மேல். நான் சொல்ல வருவது, என் அப்பாவின் கேசட்டும் என்னுடையது, வன்தட்டும் என்னுடையது, தொலைக்காட்சியும் அக்காவுடையது. வழி மட்டும் இன்னொருவருடையது என்றால், அந்த ஒன்றை அவர் மூடும் நாளில் மற்ற மூன்றும் இருந்து என்ன பயன்? சந்தா கட்டினாலும் சரி, வேறொரு வழியையும் அமைத்து வைத்திருங்கள்.

யூடியூப்பில் போட்டுவிட்டால் ஆயிற்றே என்று என் நண்பர்கள் சொன்னார்கள். போட்டுப் பார்க்க நான் முயலவே இல்லை. எங்கள் தோட்டத்துக் கல்யாண வீடியோவில் மேளச் சத்தத்தைவிட ஒலிபெருக்கியில் சினிமாப் பாட்டுச் சத்தம்தான் அதிகம். காப்புரிமைப் பாடல்களைத் தானாகக் கண்டுபிடிக்கும் ஏற்பாடு அங்கே 2007இலிருந்தே இருக்கிறது. அதைக்கூட விட்டுவிடலாம். மஞ்சள் நீராட்டு விழாவில் எடுத்த படம் இருக்கிறது. சாவு வீட்டில் எடுத்தது இருக்கிறது. அவர்களுடைய அனுமதி இல்லாமல் அவற்றை ஊருக்குக் காட்ட எனக்கு என்ன உரிமை?

சட்டத்தைப் பற்றியும் இரண்டு வார்த்தை. சொந்த வழங்கி வேறு, கடையில் "எல்லாச் சேனலும் இலவசம்" என்று விற்கப்படும் பெட்டி வேறு. சிங்கப்பூரில் 2021 நவம்பரில் நடப்புக்கு வந்த புதிய பதிப்புரிமைச் சட்டமும், மலேசியாவில் 2022இல் திருத்தப்பட்ட சட்டமும் அத்தகைய பெட்டிகளை விற்பவர்களைக் குறி வைத்தவை. நம் நாட்டில் அபராதம் 10,000 ரிங்கிட்டில் தொடங்கி 200,000 வரை போகிறது. இருபது ஆண்டு வரை சிறையும் விதிக்கலாம். தெரிந்தவர் ஒருவர் உங்கள் வழங்கியில் களவுப் படங்களை ஏற்றிச் சந்தா வசூலிக்கலாம் என்று யோசனை சொன்னால் கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிவிடுங்கள்.

பெயர்கள்

இப்போது அம்மா ஒவ்வொரு நாளும் மாலை பூசை முடிந்ததும் ஒரு மணி நேரம் பார்க்கின்றார். படம் நிற்பதில்லை. தைப்பிங்கில் இடி இடித்து மின்சாரம் போனால் மட்டும் நிற்கும். அதற்கும் ஒரு மின்கல முட்டுப்பெட்டி வாங்கி வைத்தேன். மின்சாரம் திரும்பி வந்ததும் கணினி தானாகவே எழுந்து கொள்ளும்படி அமைத்தேன். இந்த அமைப்பைச் செய்ய மறந்துவிட்டு வெளியூர் போகாதீர்கள். திரும்பி வந்து விசையை அமுக்கும்வரை எல்லாம் இருட்டுத்தான்.

நான் எதிர்பார்க்காதது ஒன்று நடந்தது. அம்மா பார்க்கப் பார்க்கப் பேச ஆரம்பித்தார். "இந்தா, இது மேட்டு லயத்து மீனாட்சி. தீமிதிக்குக் கரகம் தூக்கினது இவ புருஷன்தான்." "அந்த மூலையில நிக்கிறாரே, அவர்தான் உங்க அப்பாவுக்கு முதல்ல வேலை வாங்கிக் கொடுத்த கங்காணி." இவை எதுவும் எனக்குத் தெரியாது. அப்பா படம் எடுத்தாரே ஒழிய, யார் யார் என்று எழுதி வைக்கவில்லை. அவருக்கு எல்லாரையும் தெரியும். எழுத வேண்டிய அவசியம் அவருக்கு இருக்கவில்லை.

அக்கா ஒரு நோட்டுப் புத்தகத்தில் நேரத்தோடு எழுதத் தொடங்கினார். முப்பத்தேழாவது நிமிடம், சிவப்புச் சட்டை, இன்னார். வாரம் ஒரு முறை அதை எனக்கு அனுப்புவார். நான் அந்தப் பெயர்களைத் துணையெழுத்தாக, அதாவது படத்தின் அடியில் ஓடுகின்ற வரியாகத் தட்டச்சு செய்து சேர்க்கின்றேன்.

இதிலும் தமிழுக்கென்று ஒரு தொல்லை காத்திருந்தது. முதல் நாள் "பெரியம்மா" என்று எழுதியது அக்கா வீட்டுத் திரையில் கொம்பு இடம் மாறி, பகரத்துக்குப் பின்னால் போய் நின்றது. "கோ"வும் "மொ"வும் கால் ஒரு பக்கம் கை ஒரு பக்கமாக விழுந்து கிடந்தன. முதலில் கோப்பு யுனிகோட் யு.டி.எஃப்-8 முறையில் சேமிக்கப்பட்டிருக்க வேண்டும். 2000களில் திஸ்கியிலும் தாப்பிலும் தட்டச்சு செய்து பழகியவர்கள் பழைய கோப்புகளை அப்படியே போட்டால் ஒன்றும் தெரியாது. யுனிகோடில் சரியாக இருந்தும் சில குச்சிகளுக்கு நம் எழுத்தின் கொம்பையும் காலையும் சேர்த்துக் கட்டத் தெரியவில்லை. வழங்கியே எழுத்தைப் படத்தோடு சேர்த்து எரித்து அனுப்பட்டும் என்று விட்டால், மறுபடி அந்தப் பழைய கதை. சட்டம் சட்டமாக மாற்ற வேண்டும், சாப்பாட்டு டப்பா மூச்சு வாங்கும். கடைசியில், பெயர்கள் முடிந்த கேசட்டுக்கு மட்டும் எழுத்தோடு கூடிய இரண்டாவது நகல் ஒன்றை நானே முன்கூட்டித் தயாரித்து விடுகின்றேன். எழுத்தில்லாத நகலும் பத்திரமாக இருக்கிறது. முழுத் தொகுப்பின் இன்னொரு பிரதி, ஒரு வன்தட்டில், அக்கா வீட்டு அலமாரியில் சேலைக்குக் கீழே இருக்கிறது. ஒரு வீட்டில் வெள்ளம் வந்தாலும் இன்னொரு வீட்டில் இருக்கட்டும் என்றுதான்.

தோட்டத்தை விட்டுப் போனவர்களில் சிலர் ஜொகூர் பாருவிலும் கிள்ளானிலும் இருக்கின்றார்கள். அவர்களில் இரண்டு குடும்பத்துக்குத் தனித்தனிச் சாவி கொடுத்திருக்கின்றேன். அவர்கள் பக்கத்துப் பெயர்களும் இப்போது வரத் தொடங்கியிருக்கின்றன.

இதுவரை 41 கேசட் முடிந்திருக்கிறது. நாற்பத்தோராவது, எல்லாரும் காலி செய்து போன நாள். லாரிக்குப் பக்கத்தில் பச்சைச் சேலை கட்டிய ஒரு பெண் பத்து விநாடி கேமராவைப் பார்த்து நின்று, ஏதோ சொல்லிவிட்டுப் போகின்றார். லாரிச் சத்தத்தில் என்ன சொன்னார் என்று கேட்கவில்லை. அம்மாவுக்கும் யாரென்று தெரியவில்லை. நான்கு முறை திருப்பிப் போடச் சொன்னார். "முகம் தெரியுது தம்பி, பேருதான் வரல. நாளைக்கு மறுபடி போடு" என்றார். நேற்றும் அதையேதான் போட்டோம்.

நேரம் ஆகிவிட்டது என்று தொகுப்பாளர் சைகை காட்டுகின்றார். நேயர்கள் யாருக்கும் கேள்வி இருந்தால் நிகழ்ச்சியின் அடுத்த அங்கத்தில் பதில் சொல்கின்றேன்.